ஆட்டம் எங்கிருந்து வருகிறது?



பழைய அம்பாசிடர், ஆம்னி, ஜீப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, அறுபதைத் தாண்டினா வண்டி கிடுகிடுன்னு ஆடுது.” இதை மட்டும் கேட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுத்தால் டயர் மாறும், ஷாக் அப்சார்பர் மாறும், காசு கரையும், ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கும். காரணம் பல நேரங்களில் வண்டிக்கு அடியில் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுவரை நீளும் அந்தக் குழாய்த் தண்டை பட்டறையில் ஜாயிண்ட் ஷாஃப்ட் என்பார்கள், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்றும் சொல்வார்கள். அதன் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் சரிசெய்வது என்று இன்று பார்ப்போம்.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரான அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் முன்னால், இழுக்கும் சக்கரம் பின்னால். கியர்பாக்ஸ் உடம்போடு கட்டப்பட்டிருக்கிறது. பின் அச்சோ பட்டை ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து, பள்ளம் மேட்டுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் சுழலவும் வேண்டும், மடங்கவும் வேண்டும். அதனால்தான் அதன் இரண்டு முனையிலும் மணிக்கட்டு போல ஒரு மூட்டு. உள்ளே கூட்டல் குறி வடிவில் ஓர் இரும்புத் துண்டு, அதுதான் ‘கிராஸ்’. அதன் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் வரிசையாக ஊசி பேரிங்குகள்.

இந்த மூட்டை 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து எழுதியவர் இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக். அதை மோட்டார் காருக்குப் பொருத்தமாக வடிவமைத்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். ஸ்பைசர் என்ற பெயரை இன்றும் நம் உதிரிபாகக் கடைகளில் கேட்கலாம்.

இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. சாய்வாக நின்று சுழலும்போது, உள்ளே போகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே வருகிற வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பின்தங்கும். முன் மூட்டு உண்டாக்கும் இந்த ஏற்றத்தாழ்வைப் பின் மூட்டு ஈடுகட்டிவிட வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, இரண்டு மூட்டுகளின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு, ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும், புத்தம்புதுக் கிராஸ் போட்ட வண்டிகூட ஆடத்தான் செய்யும்.

மரக்காணம் உப்பளக் கரையிலும், உள்ளே தள்ளி பெருமுக்கல் மலையைச் சுற்றிய ஊர்களிலும் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு எதிரி உண்டு. அது உப்பு. ஈர உப்பு மூட்டை ஏற்றிப் போகும் லாரியின் பின்னால் சாலையில் சொட்டும் உப்புநீர், நம் சக்கரம் வாரி அடிக்க, வண்டியின் அடிப்பாகத்தில் படிகிறது. கிராஸ் கிண்ணத்தின் ரப்பர் சீல் வெடித்திருந்தால் அந்த ஈரம் உள்ளே நுழைந்து கிரீஸைக் கெடுக்கிறது. அப்படிப்பட்ட ஒரு கிண்ணத்தைத் தட்டிக் கழற்றினால் உள்ளே கிரீஸ் இருக்காது. செங்காவிப் பொடி கொட்டும். சில ஊசிகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும், சில தேய்ந்து பாதியாகியிருக்கும். கிராஸின் கையில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால், ஊசி அழுந்திய இடமெல்லாம் வரிவரியாகத் தட்டுப்படும். நகத்துக்குத் தெரிகிற வரி, ஷாஃப்ட் வேகமெடுக்கும்போது இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கும் தெரியும்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த வேகத்தில் ஆட்டம் தொடங்குகிறது, ஸ்டீயரிங்கில் தெரிகிறதா, தரையிலும் இருக்கையிலும் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் அம்பாசிடர் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 650 முறை சுற்றும். ஷாஃப்டோ அதைப் போல நாலு, நாலரை மடங்கு, அதாவது 2,900 முறை அளவுக்குச் சுற்றும். அதனால் முன் சக்கரக் கோளாறு ஸ்டீயரிங்கில் மெதுவான உதறலாக வரும். ஷாஃப்ட் கோளாறு தரைத் தகட்டில் ‘ம்ம்ம்’ என்ற அதிர்வாக வரும்.

அடுத்து, ஆளில்லாத நேர்ச்சாலையில் அந்த வேகத்தைப் பிடித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருள விடுங்கள். இன்ஜினை அணைக்க வேண்டாம். ஆட்டம் தொடர்ந்தால் காரணம் ஷாஃப்டிலோ சக்கரத்திலோ இருக்கிறது. சட்டென்று நின்றால் இன்ஜின், கிளட்ச் அல்லது இழுவை ஏறும்போது மட்டும் மாறுகிற மூட்டுச் சாய்வைச் சந்தேகப்படலாம். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தாலே ஆடினால் ஷாஃப்டின் மேல் பழி இல்லை. முதல் கியரில் நகரும்போது உதறல், ரிவர்ஸ் போட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்று சக்கரத்தோடு கூடும் ஒலி: இவை மூன்றும் கிராஸைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு அடியில் பார்க்க வேண்டும். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின் அச்சின் கீழ் உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்கக் கூடாது. ஷாஃப்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள், முறுக்கிப் பாருங்கள். கவைக்கும் கிராஸுக்கும் நடுவே துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. ஷாஃப்டின் குழாய் மேல் நன்றாகக் கண்ணை ஓட்டுங்கள். சமநிலைக்காகத் தொழிற்சாலையில் பற்றவைத்த சிறு இரும்புத் துண்டு உதிர்ந்த தழும்பு இருக்கிறதா? தார் ஒட்டியிருக்கிறதா? கடற்கரைப் பக்கம் இன்னொன்றும் நடக்கும். துருவுக்குப் பயந்து அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பூச்சு அடிப்பார்கள். அது ஷாஃப்டின் ஒரு பக்கம் மட்டும் தடித்துப் படிந்துவிடும். அந்தக் கனம் ஒன்றே போதும், வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். அதைச் சுரண்டி எடுத்தாலே பல வண்டிகள் அடங்கும்.

அடுத்தது சாய்வு. வண்டியைச் சமதரையில் சக்கரத்தின் மேலேயே நிற்கவைத்து, வழக்கமான பாரத்தோடு அளக்க வேண்டும். கியர்பாக்ஸ் முனை, ஷாஃப்ட் குழாய், பின் அச்சில் ஷாஃப்ட் சேரும் பினியன் முனை என மூன்று இடத்தில் அளந்தால் போதும். ஓர் எடுத்துக்காட்டு: கியர்பாக்ஸ் 3 டிகிரி, ஷாஃப்ட் 5 டிகிரி, பினியன் 3 டிகிரி என்று எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், இரு மூட்டுக்கும் 2 டிகிரி, சமம். கியர்பாக்ஸைத் தாங்கும் பின்பக்க ரப்பர் மவுண்டிங் எண்ணெயில் ஊறி இறங்கிவிட்டால், கியர்பாக்ஸின் வால் தாழ்ந்து முன் மூட்டு அரை டிகிரியாகவும் பின் மூட்டு ஒன்றரையாகவும் மாறலாம். ஈடுகட்டல் அங்கே தவறிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகமாக ஓடும் காரில் எந்த மூட்டும் 3 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதற்காகச் சுத்தமாக நேராகவும் வைக்கக் கூடாது. ஊசிகள் உருள அரை டிகிரியாவது சாய்வு வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நின்று குழி பறிக்கும்.

பாரம் ஏற்ற ஒரு பட்டை கூடுதலாகப் போட்ட வண்டியிலும், அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் ‘யு’ போல்ட் தளர்ந்த வண்டியிலும் இந்தக் கணக்கு கலைந்துவிடும். அதைச் சரிசெய்ய, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு பக்கம் தடித்த ஆப்புத் தகடு வைக்கலாம். ஆனால் முதலில் மவுண்டிங்கையும் போல்ட்டையும் பாருங்கள். அவை கெட்டிருக்கும்போது ஆப்பு வைத்தால் தவற்றின் மேல் தவறு சேரும்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் ஒரு வேலை கட்டாயம். பின் பிளேஞ்சிலும், நழுவிச் சேரும் பல் இணைப்பின் இரு பக்கத்திலும், சென்டர் பஞ்சால் அடையாளம் தட்டிவையுங்கள். இந்த அடையாளம் இல்லாமல் கழற்றி, ஒரு பல் மாற்றிச் சேர்த்துவிட்டால் கவைகளின் நேர்கோடு போய்விடும். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று ஆடும்.

புதுக் கிராஸ் போடும்போது வைஸில் வைத்துச் சமமாக அழுத்துங்கள். ஓர் ஊசி சரிந்து கிண்ணத்தின் அடியில் படுத்துக்கொண்டால், கிண்ணத்தைப் பிடிக்கும் சர்க்கிளிப் வளையம் அதன் பள்ளத்தில் உட்காராது. சம்மட்டியால் அடித்து உட்காரவைத்தால் கிண்ணமே வெடிக்கும். அப்படி உட்காராத கிண்ணத்தைத் திரும்பக் கழற்றி ஊசிகளை எண்ணிப் பார்ப்பதுதான் சரி. போட்டு முடித்த மூட்டு நான்கு திசையிலும் கையால் ஒரே மாதிரி அசைய வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால், நான்கு கிண்ணத்தின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு வெளியூர்க் கணக்கு போதாது. ஒவ்வொரு இன்ஜின் ஆயில் மாற்றும்போதும் இதையும் சேர்த்துச் செய்யுங்கள். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நேயர்களே, இது சொகுசைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. தேய்ந்த முன் கிராஸ் ஓட்டத்தில் முறிந்தால் ஷாஃப்டின் முன்முனை சாலையில் குத்தும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்தில் அது உயிருக்கே ஆபத்து. ஆகவே டயரும் சக்கரமும் முதலில், பிறகு மவுண்டிங், பிறகு கிராஸ், பிறகு சாய்வு, இவை எல்லாம் சரியான பின்னும் ஆடினால் மட்டும் ஷாஃப்டைக் கழற்றி பேலன்சிங் செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள். பட்டறைக்குப் போகும்போது “வண்டி ஆடுது” என்று நிறுத்தாதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், உருளவிட்டபோது ஆட்டம் நின்றதா இல்லையா என்று சொல்லுங்கள். இந்த மூன்று பதிலும் கையில் இருந்தால் எந்த மெக்கானிக்கும் தேவையில்லாத பாகத்தை மாற்ற மாட்டார். நீங்களும் மாற்றவிட மாட்டீர்கள்.