கால்சியம் நார்மல், கணக்கு வேறு

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அந்தக் கேடு எலும்பு வரைக்கும் போகும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அதுவும் கால் வீங்கி, டயாலிசிஸ் பேச்சு எழுந்த பிறகு அல்ல, தொடக்கத்திலேயே.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிக்கும் கால்சியம் ஏறக்குறைய 10 கிராம். அதில் நூற்றுக்கு 98 பங்கை நுண்குழாய்கள் மீட்டு ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. சர்க்கரை எகிறிச் சிறுநீரில் வழியத் தொடங்கினால், தண்ணீரோடு கால்சியமும் கூடுதலாக வெளியேறுகிறது.

இன்னொரு இழப்பு வைட்டமின் டி. வெயிலில் தோல் உண்டாக்கும் இந்தச் சத்து, கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாறிய பிறகே வேலைக்கு ஆகும். அந்தக் கடைசி மாற்றம் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது என்று 1970-ல் கேம்பிரிட்ஜில் பிரேசரும் கோடிசெக்கும் கண்டறிந்தார்கள். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசியும்போது, வைட்டமின் டியைச் சுமக்கும் புரதமும் சேர்ந்து நழுவிவிடலாம். போதாததற்கு, பாஸ்பரஸை வெளியேற்ற எலும்பு சுரக்கும் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன், அந்தக் கடைசி மாற்றத்தையே மட்டுப்படுத்துகிறது. அப்புறம் எவ்வளவு மோர் குடித்தாலும், கேழ்வரகுக் கூழ் சாப்பிட்டாலும், அதிலுள்ள கால்சியத்தைக் குடல் முழுதாக உறிஞ்சுவதில்லை.

இத்தனைக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கால்சியம் 9.4 என்றிருக்கும். 8.5-லிருந்து 10.5 வரை சரியான அளவுதானே என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வோம். இந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது. இதயம் சீராகத் துடிக்க ரத்தத்தில் கால்சியம் குறையவே கூடாது. அது குறையும்போதெல்லாம் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடுகின்றன. ரத்தம் நிறைவாக இருக்கிறது, செலவு எலும்பின் கணக்கில் ஏறுகிறது.

சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு இந்தச் சுரப்பியே மந்தமாகி, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் தளர்ந்துவிடும். எலும்பில் சேர வேண்டிய கால்சியம் ரத்தக்குழாய்ச் சுவரில் படியும். பாதத்தை எக்ஸ்ரே எடுத்தால், தெரியக் கூடாத தமனி, தண்டவாளம்போல இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், மூட்டு வலிக்கிறதென்று மருந்துக்கடையில் நீங்களாகவே கால்சியம் மாத்திரை வாங்காதீர்கள். வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சிறுநீரகக் கேட்டைத் தொடக்கத்திலேயே அறிய நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதப் பரிசோதனை. இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால் கண்டுபிடித்த அன்றே, முதல் வகை என்றால் 5 ஆண்டு கழித்து, பிறகு ஆண்டுதோறும். விடிகாலை முதல் சிறுநீர் நல்லது. விகிதம் 30-க்கு மேல் வந்தால் பதற வேண்டாம், சில வாரங்களில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது மட்டும் மாதிரி கொடுக்காதீர்கள், எண் பொய்யாக ஏறிக் காட்டும்.