காஷ்மீரி வாயிலில் ஒரு நேர்த்திக்கடன்

பழைய டில்லியின் காஷ்மீரி வாயிலை அறியாத தமிழர் இந்நகரில் இரார். அரித்துவாரத்துக்கோ சிம்லாவுக்கோ செல்லப் பேருந்து ஏறுவதற்கு அங்குதான் போகிறோம். மூட்டையையும் குழந்தைகளையும் எண்ணிப் பார்த்துக்கொண்டே விரைகிற அவசரத்தில், சற்றுத் தொலைவில் மரங்களுக்கிடையே தெரியும் வெண்மையும் மஞ்சளும் கலந்த ஒரு குவிமாடத்தை நம்மில் பலர் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அதுவே செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம். டில்லியில் இன்று நிற்கும் தேவாலயங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அரசாங்கமோ, திருச்சபையோ கட்டியதன்று அது. ஒரு தனிமனிதர் தம் நேர்த்திக்கடனைக் கழிப்பதற்காகக் கட்டியது.

அவர் பெயர் ஜேம்ஸ் ஸ்கின்னர். 1778-இல் பிறந்தவர். தந்தை ஸ்காத்லாந்துக்காரர், கம்பெனியின் படை அதிகாரி. தாய் ராஜபுத்திரப் பெண். பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பினால் கோஷா கெட்டுவிடும், தன் குலத்துக்கு இழுக்கு வந்துவிடும் என்று மனம் நொந்து, அத்தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். ஸ்கின்னருக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான்.

இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்குக் கம்பெனிப் படையில் அதிகாரி பதவி இல்லை என்பது அக்காலத்து விதி. எனவே இளைஞர் ஸ்கின்னர் மராட்டிய சிந்தியாவின் படையில் சேர்ந்தார். 1800-இல் உனியாரா என்னுமிடத்தில் நடந்த போரில் குண்டடிபட்டு வீழ்ந்தார். இவ்விடத்தில் நாம் சற்றே தங்கிச் செல்ல வேண்டும்.

போர்க்களத்தில் குற்றுயிராய்க் கிடந்தவர்கள் பலர். பகல் வெயில், இரவுக் குளிர், நரிகளின் ஊளை. தண்ணீர் தருவார் இல்லை. மறுநாள் ஒரு முதியவரும் ஒரு கிழவியும் கூடையில் சோள ரொட்டியும் குடத்தில் நீரும் கொண்டு வந்தனர். கிடந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு வாய் நீரும் கொடுத்து நகர்ந்தனர். ஸ்கின்னர் பருகினார். அருகில் கால் இழந்து கிடந்த சுபேதார் ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் ராஜபுத்திரர், கிழவியோ தாழ்த்தப்பட்ட குலத்தினள். சாகும் தறுவாயில் குலம் எதற்கு என்று ஸ்கின்னர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சுபேதார் இணங்கவில்லை. தாயின் மரணத்தைச் சிறுவயதில் கண்ட ஸ்கின்னருக்கு, சுபேதாரின் மறுப்பு எத்தகைய நினைவைக் கிளறியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. உயிர் பிழைத்தால் ஒரு தேவாலயம் எழுப்புவதாக அக்களத்தில்தான் அவர் வேண்டிக்கொண்டார். குணமடைந்த பின் அக்கிழவிக்குப் பணம் அனுப்பி, அவளைத் தம் தாயாகவே கருதுவதாகவும் சொல்லியனுப்பினார்.

1803-இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டது. ஆங்கில இரத்தம் கலந்தவர் என்று சிந்தியாவின் தளபதி பெரோன் அவரை விலக்கிவிட்டார். ஒரு பக்கத்தார் தாயைக் காட்டி விலக்கினர். மறுபக்கத்தார் தந்தையைக் காட்டி விலக்கினர். பிறகு ஆங்கிலேயரிடம் சேர்ந்தபோது, முன்னாள் எசமானரான சிந்தியாவை எதிர்த்துப் போரிடமாட்டேன் என்று சொல்லித்தான் சேர்ந்தார். அவர் திரட்டிய குதிரைப்படை, மஞ்சள் உடையினால் பெயர் பெற்றது. டில்லி மக்கள் அவரைச் ‘சிக்கந்தர் சாகிப்’ என்று அழைத்தனர். பாரசீக மொழியில் நூல் எழுதும் அளவுக்குப் புலமையும் அவருக்கு இருந்தது.

வேண்டுதல் நிறைவேற மூன்றரைப் பத்தாண்டுகள் ஆயின. தம் சொந்தப் பொருளையே செலவிட்டுக் கட்டினார். சிலுவை வடிவிலான தரை அமைப்பு, நடுவில் குவிமாடம், மூன்று பக்கமும் தூண்கள் தாங்கிய முகமண்டபங்கள். 1836 நவம்பர் 21-ஆம் நாள் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. ஐரோப்பியக் கோயில்களைப் பார்த்துச் செய்த கட்டடம்தான். புதுமை என்று சொல்ல ஏதுமில்லை. ஆயினும் உள்ளே நின்றால், வெளியேயுள்ள வண்டிகளின் இரைச்சல் அடங்கி, வண்ணக் கண்ணாடி வழியே வரும் ஒளி தரையில் நகர்வது தெரியும்.

1857-இல் காஷ்மீரி வாயிலைச் சுற்றி நடந்த கடும்போரில் இவ்வாலயமும் தப்பவில்லை. குவிமாடத்தின் மேலிருந்த செப்புக் கோளமும் சிலுவையும் குண்டுகளால் துளைக்கப்பட்டன. ஆலயத்தின் உட்பொருள்கள் சூறையாடப்பட்டன. பின்னர் யாவும் செப்பனிடப்பட்டன. 1911-இல் டில்லி தலைநகராக அறிவிக்கப்பட்ட பின், புது டில்லியில் வேறு ஆலயம் எழும்வரை, வைசிராய்கள் தொழ வந்ததும் இங்கேதான்.

ஸ்கின்னர் 1841 டிசம்பரில் ஹான்சியில் காலமானார். முதலில் அங்கேயே அடக்கம் செய்து, அடுத்த மாதம் உடலை டில்லிக்குக் கொண்டு வந்தனர். வருவோர் போவோர் மிதிக்கும்படி வாயிற்படியின் கீழே தம்மைப் புதைக்க வேண்டும் என்று அவர் விரும்பியதாகச் சொல்வர். ஆனால் பீடத்தருகேதான் இடம் கிடைத்தது. வெண்சலவைக் கல் ஒன்று தரையோடு தரையாகப் பதிந்திருக்கிறது.

சுவர்களில் அதிகாரிகளுக்கும், 1857-இல் மாண்டவர்களுக்கும் நினைவுக் கற்கள் பல உள்ளன. நாம் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே சென்றோம். குடத்தில் நீர் கொண்டு வந்த கிழவிக்கு அங்கே கல் ஏதும் இல்லை. அடுத்த முறை பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தால், மூட்டையை ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.