சி டிரைவுக்கு எவ்வளவு?



புது லெப்டொப்புக்கு வின்டோஸ் போடக் கொடுத்தால் கடைத் தம்பி கட்டாயம் ஒன்று கேட்பார்: "சி-க்கு எவ்வளவு விடட்டும்?" நம்மில் அநேகருடைய பதில், "வழமையா விடுறத விடுங்க தம்பி" என்பதுதான். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகளுக்கு வீட்டில் லெப்டொப் வாங்கிக் கொடுக்கிறார்கள். வின்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டதால், பழைய கணனிகளும் கடைக்கு வருகின்றன. அந்தக் கேள்விக்கு இனி நாமே பதில் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில், இந்த வழமை எங்கிருந்து வந்தது? 1983-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்டி கணனியின் வன்தட்டு வெறும் 10 மெகாபைட். பிறகு தட்டுகள் பெருத்தன. அக்கால இயங்குதளமான டொஸ் முறைமைக்குத்தான் அந்த வளர்ச்சி பிடிபடவில்லை. ஒரு காலத்தில் ஒரு பாட்டிஷன், அதாவது தட்டின் ஒரு பிரிவு, 32 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. பின்னர் அந்த எல்லை 2 ஜிகாபைட் ஆனது. அதைவிடப் பெரிய தட்டை வெட்டித்தான் ஆகவேண்டும். சி, டி, ஈ என்று வரிசையாகப் பிரித்தது அந்தக் கட்டாயத்தால்தான். இன்றைய வின்டோஸுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் பிரிக்கும் பழக்கம் நம்மை விடவில்லை.

அதன் விளைவை நாம் காண்கிறோம். டி வெறுமையாகக் கிடக்கும்; சி சிவப்பாகி நிற்கும். காரணம், சி-யில் இருப்பது வின்டோஸ் மட்டுமல்ல. மாதாமாதம் வரும் அப்டேட், நிறுவுகிற மென்பொருள், டவுன்லோட் செய்கிற பாடக் குறிப்பு, திரையில் நாம் போட்டு வைக்கும் கோப்புகள் எல்லாம் அங்கேதான். 16 ஜிபி ரெம் உள்ள கணனியில், அணைக்கும்போது நினைவகத்தைப் பதிந்து வைக்கும் கோப்பு ஒன்றுக்கே சுமார் 6 ஜிபி போகும். வின்டோஸ் 10 குறைந்தது 32 ஜிபி கேட்டது. வின்டோஸ் 11 கேட்பது 64. அன்று 50 ஜிபி-க்குள் நெருக்கிய சி, இன்று திணறுவதில் வியப்பில்லை.

"டி-யில் இருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சிக்கல். வின்டோஸில் உள்ள வசதியைக் கொண்டு சி-யை நீட்ட வேண்டுமானால், அதற்கு அடுத்தாற்போல் ஒதுக்கப்படாத இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் டி குந்தியிருக்கிறது. டி-யைக் காலி செய்து, அழித்து, பிறகுதான் நீட்டலாம். ஆனால் பெரிய சி-யைச் சுருக்கிப் புதிதாக ஒரு டி உண்டாக்குவது பெரும்பாலும் சில நிமிட வேலை. ஆகவே சந்தேகம் இருந்தால் சி-க்குக் கூட்டியே கொடுங்கள். கூட்டியதைக் குறைப்பது இலகு; குறைத்ததைக் கூட்டுவதுதான் கஷ்டம்.

அளவுக்கு வருவோம். 256 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டி, கணனியில் 238 என்று காட்டும். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், வின்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, யாரும் ஏமாற்றவில்லை. அந்த அளவுத் தட்டைப் பிரிக்கவே வேண்டாம். 512 ஜிபி என்றால் சி-க்கு 200 விடலாம். பொறியியல் படிக்கும் பிள்ளை பெரிய வரைபட மென்பொருள்களை நிறுவும். அதற்கு 250 விடுங்கள். உபுண்டு இயங்குதளமும் வேண்டுமென்றால் 50 ஜிபி தனியாக ஒதுக்கலாம். 100 மெகாபைட் அளவில் பெயரில்லாத சிறு பாட்டிஷன் ஒன்று கண்ணில் பட்டால் கைவைக்க வேண்டாம். கணனி எழும்புவதே அதை வைத்துத்தான்.

டி-யால் ஒரு நன்மை உண்டு. வின்டோஸ் பழுதாகி சி-யைப் போமட் செய்தாலும் டி-யில் உள்ளவை தப்பும். டொக்யுமென்ட்ஸ் கோப்புறையின் இருப்பிடத்தை டி-க்கு மாற்றி வைத்தால் அதுவும் தப்பும். ஆனால் டி-யில் போட்டதால் பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். சி-யும் டி-யும் ஒரே தட்டு; அது பழுதானால் இரண்டும் போகும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமியாகக் கடல் வந்தபோது, அலுமாரியின் மேல் தட்டில் வைத்த காணி உறுதியும் கீழ்த் தட்டில் வைத்த பரீட்சைச் சான்றிதழும் ஒன்றாகத்தான் போயின. நம் கிழக்குக் கரையோரத்துக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே கடைக்குப் போகுமுன் ஒரு வேலை. படங்கள், ஆய்வுக் கட்டுரை, கணக்குகள் அனைத்தையும் வெளியே ஒரு தட்டில் பிரதி எடுங்கள். இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து, சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு தட்டை எப்படிப் பிரித்தாலும் பயமில்லை.