கையெழுத்துப் போடாத உழவர்

(சங்கத்தின் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் உழவரின் வாழ்க்கை. அவர் நம் இனத்தவர் அல்லர். நம் மொழி அறிந்தவரும் அல்லர். பெயர் பெர்சி ஷ்மைசர். கனடா நாட்டில் சஸ்காச்சுவான் மாநிலத்திலே, புரூனோ என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். 1931-இல் பிறந்தார், 2020-இல் தமது 89-ஆம் வயதில் மறைந்தார். பனி கொட்டும் நாட்டின் உழவருக்கும் ரப்பர் மரத்தடியில் நிற்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. முதலாளி ஒரு தாளை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடு" என்னும்போது உழைப்பவன் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவர் வாழ்ந்து காட்டிய விடையைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகின்றோம்.

ஷ்மைசர் ஏழைக் குடியானவர் அல்லர். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பயிரிட்டவர். ஊர்த் தலைவராக இருந்தவர். 1967 முதல் 1971 வரை மாநிலச் சட்டமன்றத்திலும் அமர்ந்தவர். மனைவியார் லூயிஸ் அம்மையாரும் ஐந்து பிள்ளைகளும் கொண்ட குடும்பம். அரை நூற்றாண்டுக் காலம் கணவனும் மனைவியும் அந்த மண்ணோடு வாழ்ந்தார்கள்.

அவர்கள் பயிரிட்டவற்றுள் எண்ணெய்க் கடுகும் ஒன்று. இன்று கனோலா என்று கடையில் விற்கும் எண்ணெய் அதிலிருந்துதான் வருகின்றது. ஒவ்வோர் ஆண்டும் அறுவடையிலே ஒரு பகுதியை அடுத்த ஆண்டு விதைக்கென்று எடுத்து வைப்பது ஷ்மைசரின் வழக்கம். நம் பாட்டிமார் லயத்துக்குப் பின்னாலே அவரை போட்டு, முற்றிய நெற்றைக் காய வைத்து, விதையைத் துணியில் முடிந்து வைத்தார்களே, அதே வேலைதான். அவர் செய்தது ஆயிரம் ஏக்கர் அளவில்; அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த நிலையில் 1996-இல் கனடாவிலே ஒரு புது விதை விற்பனைக்கு வந்தது. விற்றது அமெரிக்காவின் மான்சாண்டோ கம்பெனி. அந்தக் கம்பெனி விற்ற களைமருந்தின் பெயர் ரவுண்டப். தோட்டங்களில் மருந்தடித்தவர்களுக்குத் தெரியாத பெயரன்று. அந்த மருந்து பட்டால் களையும் சாகும், பயிரும் சாகும். ஆனால் புது விதையிலே வேறோர் உயிரின் அணுக்கூறு ஒன்றைப் புகுத்தியிருந்தார்கள். ஆகவே மருந்தடித்தால் களை மட்டும் சாகும், பயிர் நிற்கும். அந்த அணுக்கூறுக்கு அரசாங்கத்தின் காப்புரிமையும் பெற்றிருந்தார்கள்.

விதை வாங்கும் உழவர் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். ஏக்கருக்கு 15 டாலர் உரிமைக் கட்டணம். விளைந்ததில் விதை எடுத்து வைக்கக் கூடாது. அடுத்த ஆண்டும் கம்பெனியிடமே வாங்க வேண்டும். கம்பெனியின் ஆட்கள் வயலுக்குள் வந்து சோதனை போடலாம். களை எடுக்கும் செலவு குறைகின்றது என்று பல்லாயிரம் உழவர்கள் கையெழுத்திட்டார்கள். அவர்களை நாம் பழிக்கவில்லை. அவரவர் கணக்கு அவரவர்க்கு. ஷ்மைசர் கையெழுத்திடவில்லை. கம்பெனியின் விதையையும் அவர் வாங்கவில்லை.

1997-இல் அவர் தம் வயலோரத்து மின்கம்பங்களைச் சுற்றி அந்தக் களைமருந்தை அடித்தார். கடுகுச் செடிகள் பல சாகாமல் நின்றன. ஐயம் தோன்றவே, மேலும் சுமார் மூன்று ஏக்கரில் அடித்துப் பார்த்தார். அங்கே பாதிக்கு மேல் பிழைத்து நின்றன. காற்றில் வந்ததோ, சாலையிலே போன லாரியிலிருந்து சிந்தியதோ, முதன்முதலில் அந்த விதை எப்படி வந்தது என்பதை எந்த நீதிமன்றமும் உறுதியாகத் தீர்மானிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் விளைந்ததை அவர் எடுத்து வைத்தார். 1998-இல் ஆயிரம் ஏக்கருக்கு மேல் அதையே விதைத்தார். கம்பெனி சோதித்தது, பயிரில் மிகப் பெரும்பகுதி தன் காப்புரிமைக்கு உட்பட்டது என்று கண்டது. அதே ஆண்டில் வழக்குத் தொடுத்தது. அப்போது அவருக்கு வயது 67. பேரப்பிள்ளைகளோடு ஓய்ந்திருக்க வேண்டிய காலம்.

தோழர்களே, நமக்குப் பிடித்தவர் என்பதற்காக ஒரு பக்கத்தை மறைப்பது நமக்கு அழகன்று. "மருந்துக்குத் தப்பிய செடியின் விதை என்று தெரிந்தே எடுத்து வைத்து விதைத்தார், காப்புரிமை என்று ஒன்று இருக்குமானால் அதை மீறியதுதானே?" என்று கம்பெனி கேட்டது. "என் நிலம், என் உழைப்பு, ஆண்டாண்டு காலமாக நான் தேர்ந்தெடுத்து வளர்த்த விதை, அதில் நான் கேளாமல் வந்து கலந்தது உன் பொருள். குற்றவாளி நானா?" என்பது ஷ்மைசரின் கேள்வி. இரண்டு கேள்விகளும் சிறியவை அல்ல.

2001-இல் வந்த முதல் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. கிட்டத்தட்ட 20,000 டாலர் இலாபத் தொகையும், அதற்கு மேலே வழக்குச் செலவும் கட்ட வேண்டும் என்றார்கள். 2002-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முதுமைக்கென்று சேர்த்து வைத்ததெல்லாம் வழக்கிலே கரைந்ததாக அவரே பல மேடைகளிலே கூறினார். ஆயினும் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

2004 மே மாதம் 21-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். காப்புரிமை செல்லும், ஷ்மைசர் அதை மீறினார் என்று ஐவர் கூறினர். ஆனால் அந்த அணுக்கூறினால் அவருக்குத் தனி இலாபம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆதலால் கம்பெனிக்கு அவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை என்றும், வழக்குச் செலவை அவரவரே ஏற்க வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். சட்டத்தில் கம்பெனி வென்றது. உழவரின் வீடும் நிலமும் தப்பின.

கதை இத்துடன் முடியவில்லை. 2005-இல் அவருடைய வயலில் மறுபடியும் அதே செடிகள் முளைத்தன. இம்முறை அவர் கம்பெனிக்கே தகவல் கொடுத்தார். "உன் பொருள் என் நிலத்தில் கிடக்கின்றது, அகற்று" என்றார். அகற்றுவதற்குக் கம்பெனி இசைந்தது. கூடவே ஒரு தாளையும் நீட்டியது. இதைப் பற்றி வெளியே பேசக் கூடாது, இனி வழக்குப் போடக் கூடாது என்பது அந்தத் தாளின் சாரம். கணவனும் மனைவியும் கையெழுத்திட மறுத்தார்கள். தாங்களே ஏற்பாடு செய்து அகற்றிவிட்டு, செலவுச் சீட்டைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். தொகை 660 டாலர். கம்பெனி தர மறுத்தது. விவகாரம் சிறு வழக்கு மன்றத்துக்குப் போயிற்று. கடைசியில் 2008 மார்ச்சு மாதத்தில் கம்பெனி அந்த 660 டாலரைக் கட்டியது. வாயை மூட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமலே கட்டியது. அப்போது அவருக்கு வயது 77. அதற்கு முன் 2007-இல் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துச் சுவீடன் நாட்டின் நல்வாழ்வுரிமைப் பரிசு வழங்கப்பட்டிருந்தது.

660 டாலர் பெரிய தொகையா? இல்லை. ஆனால் அந்தப் பணத்தோடு அவருடைய நாக்கும் அவரிடமே இருந்தது. நாம் மனத்தில் கொள்ள வேண்டிய இடம் இதுவே.

தாளின் கதை நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் பலர் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்து இந்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அதில் எழுதியிருந்ததை அவர்களால் படிக்க முடியவில்லை. அந்த ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கைநாட்டின் வேதனை பல தலைமுறைக்கு நின்றது. விதையின் கதையும் நமக்குப் புதியதன்று. 1876-இல் விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. இந்நாட்டின் தோட்டங்கள் அந்த வழியிலே பெருகின. பிரேசில் நாட்டுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று எந்தத் தோட்ட முதலாளியாவது கட்டணம் கட்டினாரா? கட்டவில்லை. விதை பெரியவன் கைக்குப் போனால் வளர்ச்சி என்கின்றார்கள். சிறியவன் வயலில் விழுந்தால் வழக்கு என்கின்றார்கள். இந்த நியாயத்தைத்தான் அந்த முதியவர் கேட்டார்.

அவரால் எப்படி நிற்க முடிந்தது? நிலம் இருந்தது, படிப்பு இருந்தது, ஊரிலே பெயர் இருந்தது. இவையெல்லாம் இருந்தும் முதல் இரண்டு மன்றங்களிலே தோற்றார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது உழவர் சங்கமும் பொதுநல அமைப்புகளும் அவருக்குத் துணையாக வாதாட வந்தன. ஊர் பேர் தெரியாத மக்கள் பணம் அனுப்பினார்கள். அத்தனை வசதி உள்ளவருக்கே துணை தேவைப்பட்டதென்றால், நாள் சம்பளத்தில் அடுப்பெரிக்கும் நமக்குத் தனியாக நிற்பது எப்படி இயலும்? ஒரு குடும்பம் தன் முதுமைச் சேமிப்பையெல்லாம் கொட்டித் தாங்கிய பாரத்தை ஆயிரம் குடும்பங்கள் மாதச் சந்தாவில் பகிர்ந்து தாங்குவதற்குப் பெயர்தான் சங்கம்.

ஆகவே மூன்று செய்திகளை வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். வீட்டைக் காலி செய்யும் தாளானாலும், நட்ட ஈட்டுத் தாளானாலும், வேலை ஒப்பந்தமானாலும், படித்துப் பொருள் தெரியாமல் கையெழுத்திட வேண்டாம். கையெழுத்திட்டால் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். "வெளியே சொல்லாதே" என்ற நிபந்தனை ஒரு தாளில் இருக்குமானால், அதைச் சங்கத்திடம் காட்டாமல் தொடவே வேண்டாம்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. தாள் முதலில் வருவது உங்கள் மேசைக்குத்தான். பால்வெட்டும் தோழர் கேட்டால் வரி வரியாகப் படித்துப் பொருள் சொல்லுங்கள். அதற்குச் செலவாவது பத்து நிமிடம். அதனால் காக்கப்படுவது ஒரு குடும்பத்தின் பத்து ஆண்டு.

ஓர் உழவர் 89 ஆண்டுகள் வாழ்ந்தார். விதைத்தார், அறுத்தார், பிள்ளைகளை ஆளாக்கினார், முதுமையில் தோல்வியும் கண்டார். ஆனால் தம் மனம் ஒப்பாத தாளில் அவர் கை பதியவில்லை. நம் கைகளும் அப்படியே இருக்கட்டும். நாம் ஒன்றாக இருந்தால் அது நம்மாலும் முடியும்.