வானொலியில் தவறிய சொல்

1945ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி இரவு. ஜேர்மனி சரணடைந்து ஒரு மாதங்கூட நிறையவில்லை. பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் வானொலியிலே தேர்தற் பேச்சு நிகழ்த்தினார். தொழிற்கட்சியின் ஆட்சி, ஏதேனுமொரு வகைக் கெஸ்டாப்போவின்றி நிலைக்க இயலாது என்றார். கெஸ்டாப்போ என்பது ஹிட்லரின் இரகசியப் பொலிஸ்! இப்பழிக்கு ஆளான அட்லியோ, ஐந்தாண்டுகள் சேர்ச்சிலின் போர்க்கால மந்திரிசபையிலேயே வீற்றிருந்தவர், உதவிப் பிரதமருமாயிருந்தவர். கேட்டோர் இதனை அறியாதவரா?

மறுநாளிரவு அட்லி சினமின்றி விடையளித்தார். ஒன்றுபட்ட நாட்டின் போர்த்தலைவர் வேறு, கட்சித்தலைவர் வேறு என்பதை மக்களுக்குக் காட்டவே சேர்ச்சில் அவ்வாறு பேசினார் போலும் என்றார்.

ஜூலை 26ஆம் திகதி முடிவு வெளியாயிற்று. தொழிற்கட்சிக்கு 393 ஆசனங்கள். வீடும் வேலையும் வேண்டிநின்ற மக்கள் முன்னரே மனம் மாறியிருந்தனர். ஒரு சொல்லே தோற்கடித்தது என்பது மிகை. ஆயினும், ஐயுற்று நின்றோரை அச்சொல் சேர்ச்சில்பால் ஈர்த்திராது. பேச்சை முன்னரே படித்த அவர் மனைவி, அவ்வரியை நீக்குமாறு வேண்டினார் என்பர்.