ஒற்றை ஆளுக்கு எந்தப் படகு?

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் எங்களிடம் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "சனி, ஞாயிறுகளில் தனியாகக் கடலுக்குப் போய்வர ஒரு சின்ன கேட்டமரான் வாங்கலாம் என்றிருக்கிறேன், எதை வாங்குவது?" அடுத்த மூச்சிலேயே அது எவ்வளவு வேகம் போகும் என்பார்கள். வேகத்தைப் பிறகு பார்ப்போம். படகு கவிழ்ந்தால் உங்கள் ஒருவரால் அதை நிமிர்த்த முடியுமா? நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

இந்தப் படகைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான இரண்டு உடல்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. அந்தத் துணிக்கு டிராம்போலின் என்று பெயர். நாம் உட்காருவது அதன்மேல்தான். எடை குறைவு, நீரில் உரசும் பகுதியும் குறைவு, அதனால் பறக்கும். 1876இல் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் நத்தானியேல் ஹெரஷாஃப் தாம் கட்டிய 'அமரிலிஸ்' என்ற இரட்டை உடல் படகைக் கொண்டுவந்து மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள், அவருடைய வெற்றி செல்லாமல் போயிற்று.

இந்தப் படகைக் கடற்கரை மணலுக்குப் பழக்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹோபி ஆல்டர். அலைச்சறுக்குப் பலகை செய்துவந்தவர். 1960களின் கடைசியில் அவர் கொண்டுவந்த 'ஹோபி 14', ஒருவர் ஓட்டுவதற்கென்றே அமைந்த 14 அடிப் படகு. காற்று பக்கவாட்டில் தள்ளாமலிருக்க பல படகுகளில் டாகர்போர்டு என்ற பலகையை நீருக்குள் இறக்குவார்கள். ஹோபி 14இல் அந்தப் பலகை கிடையாது. ஒவ்வோர் உடலும் வெளிப்பக்கம் தட்டையாகவும் உள்பக்கம் வளைந்தும் இருப்பதால், பலகை செய்யும் வேலையை உடலே செய்துவிடும். ஓட்டி வந்த வேகத்திலேயே மணலில் ஏற்றிவிடலாம்.

நம் கிழக்குக் கரைக்கு இது பெரிய விஷயம். ஒதுங்கி நிற்க நமக்கு இயற்கையான குடாக்கள் அதிகமில்லை. கரையிலேயே உடைகிற அலையைத் தாண்டித்தான் போகவேண்டும், வரவேண்டும். நம் மீனவர்களின் கட்டுமரம் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் போய்வந்தது. அடியில் துருத்திக்கொண்டு எதுவும் இல்லை, மேலே விழுந்த நீர் கட்டைகளின் இடைவழியே இறங்கிவிடும். அதனால் என் முதல் வடிகட்டல் சுலபம்: திறந்த கடற்கரையிலிருந்து புறப்படுகிறவர் டாகர்போர்டு இல்லாத படகாகப் பார்க்கவேண்டும். 'ஏ கிளாஸ்' என்று ஒற்றை ஆள் பந்தயப் படகு உண்டு. 18 அடி நீளத்துக்கு எடை 75 கிலோவைத் தொட்டால் போதும். கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் அதன் மெல்லிய கார்பன் உடலையும் பலகைகளையும் கரை அலையில் புதியவர் காப்பாற்றுவது கடினம்.

இனி நிமிர்த்தும் கதைக்கு வருகிறேன். நேரம் போனாலும் இதை மட்டும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

ஏழெட்டு அடி அகலம் இருப்பதால் கேட்டமரான் லேசில் கவிழாது. கவிழ்ந்துவிட்டால் அந்த அகலமே நமக்கு எதிராகிவிடும். பாய்மரம் நேர் கீழே போய்விட்ட படகு, நிமிர்ந்து நிற்கும்போது இருந்த அதே உறுதியோடு தலைகீழாகவும் மிதக்கும். ஆகவே பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிற நேரத்துக்குள் காரியம் முடிய வேண்டும். பாய்க்கயிறுகளை முதலில் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் நிமிர்ந்த படகு நம்மை விட்டுவிட்டு ஓடும். பிறகு படகின் மூக்குப் பக்கம் நகர்ந்தால், மூக்கு அமிழ்ந்து, படகு மெல்ல காற்றை நோக்கித் திரும்பும். காற்று பாயின் அடியில் புகும். அப்போது நீரில் கிடக்கும் உடலின்மேல் நின்று, நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்து, முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்குப் பின்னால் சாய வேண்டும். கைபலத்துக்கு இங்கே பெரிய வேலையில்லை. எடைதான் தூக்குகிறது.

ஒரு முறை, நல்ல தோள்வலுவுள்ள இளைஞர் ஒருவர் பழைய 'ஹோபி 16' ஒன்றை ஆசையாக வாங்கி வந்தார். உலகெங்கும் விரும்பப்படும் படகு. எடை 145 கிலோ, பாய் 20 சதுர மீட்டர். அலையற்ற காயலில் அதைச் சாய்த்து, நிமிர்த்தச் சொன்னேன். தொங்கினார், மூச்சுப் பிடித்தார், பாய்மரம் ஒரு முழம் எழும்பி மறுபடி நீரில் படுத்துக்கொண்டது. அந்தப் படகை நிமிர்த்த ஏறத்தாழ 130 கிலோ தேவை, அதாவது இரண்டு பேர். எங்கள் மோட்டார் படகு போய்ப் பாய்மரத்தின் நுனியைத் தூக்கிக் கொடுத்த பிறகே எழுந்தது.

அதே காயலில் பள்ளி ஆசிரியை ஒருவரும் பழகினார். மெலிந்த உடம்பு. படகு 13 அடி 'ஹோபி வேவ்'. 9 சதுர மீட்டருக்கும் குறைவான ஒரே பாய், பாய்மரத்தின் உச்சியில் அது மூழ்காமலிருக்க ஒரு மிதவை. எடை போதாதென்று தோளில் ஒரு தண்ணீர்ப் பையை மாட்டிக்கொண்டார். கடல்நீரை மொண்டு அதில் 20 லிட்டர் நிரப்பினால் நம் எடையில் 20 கிலோ கூடிவிடும், இல்லையா? சாய்ந்தார், படகு எழுந்தது. டிராம்போலினில் ஏறி உட்கார்ந்து அவர் போட்ட கூச்சல் கரைவரை கேட்டது. எங்களுக்கெல்லாம் அன்று சந்தோஷம் தாளவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்கள், "இதற்கெல்லாம் ஏன் தனியாகப் போகவேண்டும்?" என்று நினைப்பது தெரிகிறது. கவிழ்ந்த படகைக் கையை விடாமல் பற்றிக்கொள்ளத் தெரிந்தவரை மட்டும்தான் நாங்கள் தனியாக அனுப்புகிறோம். சாய்ந்த படகின் டிராம்போலினே காற்றில் பாயாகிவிடும். நீந்துகிறவரைவிட வேகமாக அது நகரும். அதனால் என்ன நடந்தாலும் கயிறு கையில் இருக்கவேண்டும்.

நேரம் நெருங்குகிறது, மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பாய் இல்லாத ஒற்றைப் பாய்ப் படகு காற்றின் முகத்தைக் கடந்து திரும்பும்போது பாதியில் நின்றுவிடும். எடை குறைவு, உந்தம் போதாது. பொறுமையாகப் பழக வேண்டும். பழைய படகு என்றால் முன் சட்டத்தை ஒட்டிய பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் வாங்க வேண்டாம். டிராம்போலின் தையலையும் பாருங்கள், வெயில் அதைத்தான் முதலில் தின்னும். பாய்மரம் அலுமினியம், அதை நிறுத்துமுன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன.

மணலில் நீங்களே இழுக்க முடிகிற, நீங்களே பாய்மரம் நிறுத்த முடிகிற, நீங்களே நிமிர்த்த முடிகிற படகு உங்களில் சிலருக்காவது இந்த ஆண்டு அமைய வேண்டும் என்பது என் ஆசை. வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். விற்பவரிடம், "தண்ணீரில் இறக்குங்கள், கவிழ்த்துக் காட்டுங்கள், நான் நிமிர்த்திப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். பக்கத்தில் இன்னொரு படகு காவலுக்கு நிற்கட்டும், உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருக்கட்டும். நிமிர்த்திவிட்டீர்களென்றால் பணத்தைக் கொடுங்கள்.