இன்சுலின் ஊசியும் தோலின் துன்பமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதம் தேகாரோக்கிய விஷயமாக ஏதேனும் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் நம்மைக் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் வைத்தியரல்லோம். ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளி என்னும் தகுதியொன்றே நமக்குண்டு. ஆயினும், வழியில் ஒருமுறை இடறி விழுந்தவன், பின்வருவோருக்குக் குழி இருக்குமிடத்தைக் காட்டுதல் கடமையன்றோ? அக்கடமை பற்றியே இங்கு நிற்கின்றோம்.

ஊசியால் தோலுக்குண்டாகும் துன்பம் இன்று நேற்று வந்ததன்று. கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் 1921-ஆம் ஆண்டில் கணையத்திலிருந்து இம்மருந்தை வடித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11-ஆம் தேதி, லியோனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. மருந்து போதிய சுத்தமின்றி இருந்தமையால் சர்க்கரை சிறிதே குறைந்தது. ஊசியிட்ட இடத்திலோ சீழ்க்கட்டி எழுந்தது. அவ்வளவில் அவர்கள் கைவிட்டுவிடவில்லை. காலிப் என்னும் இரசாயன நிபுணர் அம்மருந்தை மேலும் சுத்தி செய்ய, அம்மாதம் 23-ஆம் தேதி மீண்டும் ஊசியிட்டனர், சிறுவன் தேறினான். பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் உயிர்வாழ்ந்தான். தோல் காட்டிய குறையைக் கண்டு மருந்தை நிறுத்தாமல், குறையைத் தீர்த்து மருந்தைத் தொடர்ந்ததே அவர்கள் செய்த அருங்காரியம். இன்று நாம் சொல்லப்புகுவதும் இதுவே.

முதலில் சிறு துன்பங்களைப் பார்ப்போம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மருந்தைச் செலுத்தினால் அது சுரீரென்று எரியும். புதுக்குப்பிகளைக் குளிர்ப்பெட்டியில் உறையாதபடி வைத்தல் வேண்டும். ஊசி போடுவதற்குச் சிறிது நேரம் முன்னதாக வெளியே எடுத்துவைத்தால் எரிச்சல் தணியும். தோலைச் சாராயப் பஞ்சினால் துடைத்தால், ஈரம் முற்றும் உலர்ந்த பின்னரே குத்தவேண்டும். ஒரே ஊசியைப் பலமுறை உபயோகித்தால் முனை மழுங்கித் தோலைக் கிழிக்கும். கண்ணாடிக் குழாயைக் கொதிநீரிலிட்டு, ஊசியைக் கல்லில் தீட்டிப் போட்டுக்கொண்ட காலமும் உண்டு. இக்காலத்திலோ பேனா போன்ற கருவிக்கு 4 மில்லிமீட்டர் நீளமேயுள்ள மெல்லிய ஊசிகள் கிடைக்கின்றன. காசுக்கு அஞ்சிப் பழைய ஊசியையே வைத்திருத்தல் சிக்கனமன்று. குத்தி அழுத்தியபின் பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல எடுக்கவேண்டும். அவ்விடத்தைத் தேய்த்தல் ஆகாது. சிற்சில சமயம் நீலம் பாரித்துக் கன்றிப்போதலைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை, தானே மறையும்.

இவையெல்லாம் வெளிப்படையாகத் துன்புறுத்துவன. ஆதலின் நாமும் விழிப்பாயிருப்போம். துன்புறுத்தாமலே கெடுக்கும் ஒன்றுண்டு. அதையே நாம் அனுபவத்தால் அறிந்தோம்.

ஊசி போடத் தொடங்கிய புதிதில், தொப்புளுக்கு வலப்புறம் ஓரிடத்தில் குத்தினால் வலி சிறிதும் தோன்றாமையைக் கண்டோம். கண்டதே பெரும் பாக்கியமென்று கருதி, காலையும் இரவும் அங்கேயே குத்தி வந்தோம். நாளடைவில் அவ்விடம் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி வைத்தாற்போல் மேடிட்டது. வயது சென்ற தேகமென்று எண்ணி எவரிடமும் காட்டவில்லை. சர்க்கரையோ ஏறியவண்ணமிருந்தது. பதினெட்டு அலகு கொண்டிருந்த இராமருந்து, இரண்டாண்டுகளில் முப்பது அலகாயிற்று. ஆகாரத்தில் களவு செய்கின்றோமென்று வீட்டார் ஐயுற்றனர். நாமும் நம்மையே ஐயுற்றோம்.

ஒருநாள் இரவு, அம்மேட்டைக் கண்டு மனம் சலித்து, எவரையும் கேளாமல் அதே முப்பது அலகைத் தொடையில் செலுத்திவிட்டு உறங்கினோம். நள்ளிரவில் படுக்கை நனையுமாறு வியர்த்தது, கைகால் நடுங்கின, நாக்குக் குழறிற்று. நமது மனைவி விழித்துப் பார்த்து, நமக்கு விழுங்கும் நிலை இருந்தபோதே சர்க்கரைக் கரைசலைப் புகட்டியிராவிடின், இன்று உங்கள்முன் நின்று பேச நாம் இருந்திரோம்.

மறுநாள் பார்த்த வைத்திய அம்மையார் இளம்வயதினர். ஏட்டைப் பார்க்குமுன், "வயிற்றைக் காட்டுங்கள், ஐயா" என்றார். தடவிப் பார்த்து உண்மையை விளக்கினார். இன்சுலின் தான் விழுந்த இடத்தில் கொழுப்பை வளர்க்கும் இயல்புடையது. ஊசியும் ஓயாமல் அவ்விடத்தைப் புண்படுத்தும். இரண்டும் சேர்ந்து தோலுக்கடியில் கொழுப்பு தடித்துத் திரளும். அத்திரளில் உணர்ச்சி மந்தமாகையால் வலியில்லை. ஆனால், அங்கே செலுத்திய மருந்து இரத்தத்தில் ஒழுங்காய்ச் சேராது. ஒருநாள் குறைவாயும் ஒருநாள் திடீரென்றும் சேரும். நாம் ஏற்றிய முப்பது அலகும் இக்கட்டிக்குச் செலுத்திய வரியேயன்றி வேறில்லை. நல்ல தோலில் அம்மருந்து முழுவதும் வேலை செய்யவே, சர்க்கரை அபாயமளவுக்குத் தாழ்ந்தது.

ஆதலின், கட்டியுள்ளோர் அவ்விடத்தை விட்டு வேறிடம் மாறுதல் இன்றியமையாதது. மாறும்போது வைத்தியரைக் கேட்டே மாறவேண்டும். அளவைக் குறைக்கவேண்டி வரலாம். சில நாட்கள் அடிக்கடி இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கவும் வேண்டும். கட்டியை நெடுநாள் ஓய்வாக விட்டால் மாதக்கணக்கில் மெல்லக் கரையும். நமக்கு அவ்வாறே சுருங்கி வருகின்றது. மருந்தும் இருபது அலகுக்கு இறங்கியது.

வராமற் காக்கும் வழி எளிது. வயிறு, தொடையின் முன்புறம், மேற்கையின் பின்புறம், பிட்டம் ஆகிய நான்கும் ஊசிக்கு உரிய இடங்கள். வயிற்றில் போடுவோர், தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விலக்கி, மீதியை நான்கு பாகமாகக் கொண்டு வாரத்துக்கு ஒரு பாகமாகச் சுற்றி வரலாம். ஒருமுறை குத்திய இடத்துக்கும் அடுத்ததற்கும் ஒரு விரற்கிடை இருக்கட்டும். உழவன் ஒரே வயலில் ஓயாது பயிரிடாமல் நிலத்துக்கு ஓய்வளிப்பதைப் போன்றதே இது. மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவியும் பாருங்கள். கண்ணுக்குத் தோன்றாத தடிப்பு கைக்குத் தோன்றும்.

சிலருக்கு ஊசியிட்ட இடம் சிவந்து அரிக்கும். பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ அது தணியும். தணியாவிடில் வைத்தியர் மருந்தின் வகையை மாற்றுவார். இடம் சூடாகி, வீங்கி, சீழ் கொண்டால் தாமதியாது காட்டவேண்டும். உடம்பெங்கும் தடிப்பு எழுந்தாலோ, முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ, அந்நேரமே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்றையும் தொடையையும் காட்ட நாணித் துன்பத்தை மறைப்போர் உங்களுள் பலர். எரிகிறதென்று ஒருவேளை ஊசியைத் தவிர்த்து, போட்டுக்கொண்டதாகச் சொல்வோரும் உளர். பொறுமை நற்குணமே, நோயை மறைக்கும் பொறுமை நற்குணமன்று. பெண் வைத்தியரை நாடிக் காட்டுங்கள். வீட்டிலுள்ள மக்களும் மருமக்களும், "ஊசி போட்டாயிற்றா?" என்று மட்டும் கேளாமல், "எங்கே போட்டுக்கொண்டீர்கள்? அவ்விடம் எப்படியிருக்கிறது?" என்றும் கேட்பார்களாக. நம்மை அன்று எவரேனும் அவ்வாறு கேட்டிருந்தால், அந்த இரவு வந்திராது.

வலியில்லாத இடம் நல்ல இடமென்று நம்பி நாம் மோசம் போனோம். இன்று இல்லம் சென்றதும் உங்கள் கையால் தடவிப் பாருங்கள். பார்த்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். இவ்வளவே நமது வேண்டுகோள்.